இன்னொரு குழந்தை வேண்டுமா? - ஒரு கேள்வியின் வரலாறு

திருமணமாகி மூன்று திங்கள் நிறைவதற்குள் தமிழ்ப் பெண்ணின் காதில் விழத் தொடங்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஏதாவது விசேஷம் உண்டா?" என்பர் உறவினர். கோயில் வாயிலிலும் கேட்பர். கல்யாணப் பந்தியிலும் கேட்பர். கேட்பவர் எதிர்பார்க்கும் விடை ஒன்றே என்பது கேட்கப்படுபவளுக்கு நன்றாகத் தெரியும். வேறு விடை சொல்ல அவளுக்கு இடமுமில்லை, துணிவுமில்லை.

மருத்துவ நிலையத்தில் மேசைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் மருத்துவரோ தாதியோ இதே கேள்வியை வேறு சொற்களில் எழுப்பி, விடையைக் குறிப்பேட்டில் பதிந்துகொள்வது அண்மைக் காலத்து வழக்கம். "இன்னொரு குழந்தை வேண்டுமா? வேண்டுமெனில் எப்போது?" என்ற அந்தக் கேள்விக்குச் சிங்கப்பூரில் இன்னும் எண்பது வயதுகூட நிறையவில்லை. ஆயினும் அந்தக் குறுகிய காலத்திற்குள் அது அடைந்த மாற்றங்கள் பல. சொற்கள் மாறவில்லை, கேட்டவர் மனத்தில் இருந்த விடைதான் மாறிக்கொண்டே வந்தது.

போர் முடிந்து ஜப்பானியர் வெளியேறிய பின் சிங்கப்பூரின் ஏழைக் குடும்பங்கள் பட்ட துன்பம் சொல்லில் அடங்காதது. பசித்த குழந்தைகளுக்கு ஒரு வேளை உணவளிப்பதற்கென உணவு நிலையங்கள் திறக்கப்பட்டன. அவற்றில் தொண்டாற்றிய பெண்மணிகளுள் ஒருவர் கான்ஸ்டன்ஸ் கோ. நாள்தோறும் நீண்டுகொண்டே போகும் குழந்தைகளின் வரிசையைக் கண்ட அவர், அக்குழந்தைகளின் தாய்மாரை எண்ணிப் பார்த்தார். ஒரு பிள்ளையின் பசியாறும் முன்பே அடுத்த பிள்ளையைச் சுமக்கும் அப்பெண்களிடம், அவர்கள் விரும்புவது என்ன என்று எவரும் கேட்டதில்லை. அவரும் ஒத்த கருத்துடைய சிலரும் முன்னின்று 1949ஆம் ஆண்டில் சிங்கப்பூர்க் குடும்பத் திட்டச் சங்கத்தை நிறுவினர். தனியார் மருத்துவர்களின் மருந்தகங்களிலேயே அதன் பணி தொடங்கியது. கத்தோலிக்கத் திருச்சபை எதிர்த்தது, அச்சங்கத்தார் பின்வாங்கவில்லை.

அந்நாளில் சங்கத்தின் கதவைத் தட்டியவர்கள் தாமாக வந்தவர்கள். கேள்வியைச் சுமந்து வந்தவளே அப்பெண்தான். மருத்துவர் விடை கூறுபவராக இருந்தார். இவ்வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். பின்னால் நிகழ்ந்தவற்றை நோக்கும்போதுதான் அதன் பெருமை விளங்கும்.

1957ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் பிறப்பு விகிதம் ஆயிரம் பேருக்கு 42.7 என்னும் உயரத்தைத் தொட்டது. 1965ஆம் ஆண்டு ஆகஸ்டு திங்களில் தீவு தனி நாடாயிற்று. வேலையில்லாத் திண்டாட்டம், வீட்டுப் பற்றாக்குறை, நிரம்பி வழியும் பள்ளிகள் ஆகியவற்றுக்கிடையே பொறுப்பேற்ற அரசாங்கம், அடுத்த திங்களிலேயே குடும்பத் திட்டம் பற்றிய வெள்ளை அறிக்கையை வெளியிட்டது. 1966 ஜனவரியில் சிங்கப்பூர்க் குடும்பத் திட்ட, மக்கள்தொகை வாரியம் பணி தொடங்கியது. அதன் முதல் தலைவராக அமர்ந்தவர் சுகாதாரத் துறையின் உயர் அலுவலராயிருந்த டாக்டர் கனகரத்தினம் என்பது தமிழர் பலர் அறியாத செய்தி. சில ஆண்டுகளில் அவர் உலக வங்கியின் மக்கள்தொகைத் திட்டத் துறைக்குத் தலைமை ஏற்கச் சென்றார். சிங்கப்பூரில் பெற்ற பட்டறிவு அவர் வழியே பல நாடுகளின் திட்டங்களுக்கும் பயன்பட்டிருக்கும் என்று கருத இடமுண்டு.

வாரியம் தன் வேலைக்குத் தேர்ந்தெடுத்த முதன்மையான களம் கண்டாங் கெர்பாவ் மகப்பேற்று மருத்துவமனை. மலாய் மொழியில் எருமைத் தொழுவம் என்று பொருள்படும் அப்பெயர், ஒரு காலத்தில் அவ்வட்டாரத்தில் கால்நடை வளர்த்து வாணிகம் செய்தவர்களை இன்றும் நினைவூட்டுகிறது. அவர்களுள் தமிழர் பலர். 1924ஆம் ஆண்டு முதல் மகப்பேற்று மருத்துவமனையாக விளங்கிய அங்கே, 1966ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் 39,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன. நாளொன்றுக்குச் சராசரியாக நூற்றுக்கும் மேல்! உலகில் வேறெந்த மகப்பேற்று மருத்துவமனையிலும் ஓராண்டில் இத்தனை குழந்தைகள் பிறந்ததில்லை என்று கின்னஸ் நூல் அதனைப் பதிவு செய்தது. தீவில் அவ்வாண்டு பிறந்த குழந்தைகளுள் பெரும்பான்மையானவை அவ்வோர் இடத்தில் பிறந்தவையே. ஆகவே நாட்டின் தாய்மாரைச் சந்திக்க வீடு வீடாக அலைய வேண்டிய தேவை வாரியத்திற்கு இருக்கவில்லை. படுக்கைகளுக்கிடையே நடந்தால் போதுமானது.

பிள்ளை பெற்ற பெண் படுக்கையில் கிடக்கிறாள். களைப்பு நீங்கவில்லை, பால் சுரக்கும் முன்பே இடநெருக்கடி காரணமாக வீட்டிற்கு அனுப்பப்படும் நேரமும் நெருங்குகிறது. அந்த வேளையில் குடும்பத் திட்டப் பணியாளர் அருகில் வந்து, இது எத்தனையாவது குழந்தை, இனியும் வேண்டுமா என்று விசாரிக்கிறார். மனம் இளகியிருக்கும் வேளை அதுவே என்று அக்காலத்து வல்லுநர்கள் கண்டறிந்திருந்தனர். பேற்றின் நோவு ஆறாத நிலையில் "போதும்" என்று சொல்லாத பெண் யார்? படுக்கையில் தப்பியவளும் தாய்சேய் நல நிலையத்தில் தப்ப முடியாது. குழந்தைக்கு ஊசி போடுவதற்காக வரிசையில் நிற்கும்போது மீண்டும் அதே கேள்வி காத்திருந்தது. பிறிதொரு காரியத்திற்காக வந்தவளிடம், வந்த இடத்திலேயே, வழக்கமான விசாரணைகளுள் ஒன்றாக அதைக் கேட்டுவிடுதல் என்னும் முறை இவ்வாறு நிலைபெற்றது.

இம்முறையைப் பழிப்பது எளிது. ஆனால் நேர்மையோடு நோக்குபவர் அதனால் விளைந்த நன்மையையும் சொல்லியாக வேண்டும். ஏழாவது, எட்டாவது பேற்றில் உயிருக்குப் போராடிய பெண்கள் அந்த வார்டுகளில் இருந்தனர். மாமியாருக்கும் கணவனுக்கும் அஞ்சி, வேண்டாம் என்ற ஒரு சொல்லை எங்கும் சொல்ல முடியாதிருந்தவர்கள் பலர். அவர்களுக்குத் தாதியின் கேள்வி ஒரு திறந்த சன்னலாக இருந்தது. வாரியம் தொடக்கத்தில் கருப்பையில் பொருத்தும் வளையத்தையே பெரிதும் பரிந்துரைத்தது. வளையத்தைப் பற்றி முறையீடுகளும் வதந்திகளும் பரவவே, பெண்கள் மாத்திரைக்கு மாறினர். திட்டம் வகுத்தவர்கள் வழிகாட்டிய வண்ணமே பெண்கள் நடந்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. தமக்கு எது பொருந்தும் என்பதில் அவர்களுக்கும் கருத்து இருந்தது. ஆயிரம் பேருக்கு 29.5 ஆக 1965இல் இருந்த பிறப்பு விகிதம் 1970இல் 22.1 ஆகக் குறைந்ததென்றால், வற்புறுத்தல் மட்டுமே அதற்குக் காரணமாக இருந்திருக்க முடியாது.

எனினும் கேள்வியின் தன்மை சிறிது சிறிதாக மாறியது. 1970ஆம் ஆண்டில் கருக்கலைப்புச் சட்டமும் விருப்பக் கருத்தடைச் சட்டமும் நடைமுறைக்கு வந்தன. 1974இல் இரண்டும் மேலும் தளர்த்தப்பட்டன. 1972இல் இரண்டு குழந்தைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்ற முழக்கம் பிறந்தது. ஆணாயினும் பெண்ணாயினும் இரண்டே போதும் என்ற கருத்தைத் தாங்கிய சுவரொட்டிகள் நான்கு மொழிகளிலும் ஒட்டப்பட்டன. பிள்ளைகளின் எண்ணிக்கை ஏற ஏறப் பிரசவக் கட்டணமும் ஏறியது. பேற்றுக்குப் பின் கருத்தடை செய்துகொண்டவர்களுக்கு அக்கட்டணம் விலக்கப்பட்டது. 1973 முதல் சம்பளத்துடன் கூடிய பேறுகால விடுப்பு முதலிரண்டு பேறுகளுக்கே என்றாயிற்று. பெரிய குடும்பத்திற்கு அரசாங்க வீடு கிடைப்பதில் இருந்த முன்னுரிமை நீக்கப்பட்டது. வருமான வரிக் கழிவிலும், பள்ளியில் இடம் கிடைப்பதிலும் மூன்றாவது, நான்காவது பிள்ளைகள் பின்தள்ளப்பட்டனர்.

இவ்வளவுக்கும் பின் மருத்துவமனைப் படுக்கையருகே நின்று "இன்னும் குழந்தை வேண்டுமா?" என்று கேட்டால் அது கேள்வியாகுமா? விடை கட்டணப் பட்டியலில் எழுதப்பட்டிருந்தது. தாதி கனிவானவளாக இருந்திருக்கலாம். மருத்துவர் பொறுமைசாலியாகவும் இருந்திருக்கலாம். ஆனால் அவர்கள் வாய்வழியே பேசியது கருவூலம். ஐந்து பேர் ஓரறையில் குடியிருந்து, வீட்டிற்கு விண்ணப்பித்துக் காத்திருந்த கூலித் தொழிலாளியின் மனைவி, நோயாளி மருத்துவரிடம் சொல்லும் விடையைச் சொல்லவில்லை. குடிமகள் அரசாங்க அலுவலரிடம் சொல்லும் விடையைச் சொன்னாள்.

1975ஆம் ஆண்டில் ஒரு பெண்ணுக்கு ஏறத்தாழ இரண்டு குழந்தைகள் என்னும் அளவிற்குப் பிறப்பு இறங்கியது. நோக்கம் நிறைவேறிவிட்டது. ஆனால் இறக்கம் அங்கே நிற்கவில்லை. கீழ்நோக்கி உருளத் தொடங்கிய கல்லைப் பாதி மலையில் நிறுத்துவது எப்படி என்பதை எந்தத் திட்டமும் எழுதி வைத்திருக்கவில்லை.

1983ஆம் ஆண்டு ஆகஸ்டு திங்களில் பிரதமர் லீ குவான் யூ தம் தேசிய தினப் பேரணி உரையில், பட்டதாரிப் பெண்கள் போதிய பிள்ளைகளைப் பெறவில்லை என்று கவலை தெரிவித்தார். மறு ஆண்டு இருவகைத் திட்டங்கள் வெளியாயின. மூன்று குழந்தைகள் பெறும் பட்டதாரித் தாயின் பிள்ளைகளுக்குப் பள்ளியில் முன்னுரிமை தரப்பட்டது. முப்பது வயதுக்குட்பட்ட, சாதாரண நிலைத் தேர்வில் தேறாத, குடும்ப வருமானம் குறைந்த தாய் ஒன்றிரண்டு குழந்தைகளோடு கருத்தடை செய்துகொண்டால் அவளுடைய மத்திய சேமநிதிக் கணக்கில் 10,000 வெள்ளி சேர்க்கப்படும் என்றும் அறிவிக்கப்பட்டது. ஒரே மருத்துவமனையில், ஒரே நாளில், அடுத்தடுத்த படுக்கைகளில் கிடக்கும் இரு தாய்மாருக்கு நாடு எதிரெதிரான விடைகளை எதிர்பார்த்தது! அவர்களைப் பிரித்தது உடல்நலமன்று, சான்றிதழ். மக்கள் இதனை விரும்பவில்லை. 1984 டிசம்பர்ப் பொதுத் தேர்தலில் ஆளுங்கட்சியின் வாக்கு விகிதம் 12 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பர். பட்டதாரித் தாய்மாருக்கான பள்ளி முன்னுரிமை 1985இல் கைவிடப்பட்டது.

1986இல் வாரியமே கலைக்கப்பட்டது. 1987 மார்ச்சுத் திங்களில் துணைப் பிரதமர் கோ சோக் டோங், மூன்று குழந்தைகள் பெறுக, வசதியிருந்தால் மேலும் பெறுக என்னும் புதிய கொள்கையை அறிவித்தார். இருபது ஆண்டுகளாகப் போதும் என்ற விடையை நாடி நின்ற படுக்கையருகே, அவ்வாண்டு முதல் வேறொருவர் வந்து அமர்ந்தார். மூன்றுக்கும் குறைந்த குழந்தைகளையுடைய பெண் கருத்தடைக்கோ கருக்கலைப்புக்கோ வந்தால், ஆலோசனை கேட்ட பின்னரே சிகிச்சை என்று விதிக்கப்பட்டது. தாயொருத்தி 1970களில் வேண்டாம் என்று சொல்லிப் பாராட்டுப் பெற்றாள். அவள் மகள் அதே சொல்லைச் சொன்னபோது, நன்றாக யோசித்துத்தான் சொல்கிறாயா என்று கேட்கப்பட்டாள்.

அவ்விதியின் உட்கூறு ஒன்று பலருடைய கவனத்திற்கும் வராதது. கருக்கலைப்புக்கு முன்னரான கட்டாய ஆலோசனை எல்லாப் பெண்களுக்கும் உரியதாக இருக்கவில்லை. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் தேறி, உயர்நிலைப் பள்ளியில் ஓரளவேனும் பயின்றவர்களுக்கே அது கட்டாயமாக இருந்தது. கல்வி குறைந்தவளிடம் நின்று விசாரிக்க வேண்டிய தேவை இல்லை எனக் கருதப்பட்டது போலும். நெடுங்காலம் நீடித்த இவ்வேறுபாடு 2015இல்தான் அகன்று, ஆலோசனை அனைவருக்கும் பொதுவாயிற்று. ஒரு கேள்வியை யாரிடம் கேட்கிறோம் என்பதைப் போலவே, யாரிடம் கேளாமல் விடுகிறோம் என்பதும் வரலாறு.

அண்டை நாடான மலேசியாவும் இதே வழியில் நடந்து திரும்பியதுதான். 1966இல் அங்கும் குடும்பத் திட்டச் சட்டம் வந்தது, தேசிய வாரியம் அமைந்தது. 1984இல் பிரதமர் மகாதீர் காலத்தில், 2100ஆம் ஆண்டளவில் ஏழு கோடி மக்கள் என்ற இலக்கு முன்வைக்கப்பட்டது. வாரியத்தின் பெயரும் மக்கள்தொகை, குடும்ப வளர்ச்சியைக் குறிப்பதாக மாறியது.

அரசாங்கங்கள் இவ்வாறு மக்களைக் கணக்கிட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில், மருத்துவ உலகம் இக்கேள்விக்கு முற்றிலும் வேறான ஒரு காரணத்தைக் கண்டறிந்து வந்தது. 1941இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், கருவுற்ற தொடக்கத்தில் தாய்க்கு ஜெர்மன் தட்டம்மை கண்டால் குழந்தையின் கண் பழுதுறுவதை எடுத்துக்காட்டினார். 1961இல் தாலிடோமைட் என்னும் மருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகளைக் கைகால் குறைபாட்டோடு பிறக்கச் செய்தது உலகிற்குத் தெரியவந்தது. கருவறை கோட்டை போன்றது என்ற பழைய நம்பிக்கை தகர்ந்தது. 1991இல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஏழு நாடுகளில் நடத்திய ஆய்வின் முடிவு வெளிவந்தது. முதுகுத்தண்டு அல்லது மூளை உருவாக்கத்தில் குறையுள்ள குழந்தையை முன்னர்ப் பெற்ற தாய்மார், கருவுறுவதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் உட்கொண்டால், அக்குறை மீண்டும் நேர்வது 72 விழுக்காடு தடுக்கப்படுகிறது என்று அது மெய்ப்பித்தது. மறு ஆண்டே, கருவுறக்கூடிய பெண்கள் அனைவரும் நாள்தோறும் 0.4 மில்லிகிராம் உட்கொள்ள வேண்டும் என அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை பரிந்துரைத்தது.

இதில் அடங்கிய நுட்பம் காலத்தைப் பற்றியது. கருவின் நரம்புக்குழல் மூடிக்கொள்வது கருவுற்ற நான்கு வாரத்திற்குள். "நாள் தள்ளிப் போயிருக்கிறது" என்று பெண் உணர்ந்து, சோதித்து, மருத்துவரைக் காண வருவதற்குள் அந்தக் கதவு அடைபட்டு விடுகிறது. வலிப்பு நோய்க்குத் தரப்படும் வால்புரோவேட், கடும் முகப்பருவிற்குத் தரப்படும் ஐசோட்ரெட்டினோயின், இரத்த அழுத்தத்திற்குத் தரப்படும் சில மாத்திரைகள் ஆகியவையும் கருவுக்குக் கேடு செய்பவை. நீரிழிவு கட்டுப்படாத நிலையில் கருவுறுவதும் அத்தகையதே. ஆகவே முகப்பருவிற்காக வந்தவளிடமும் தலைவலிக்காக வந்தவளிடமும் கருத்தரிக்கும் எண்ணம் உண்டா என்று முன்கூட்டியே கேட்பது மருத்துவரின் கடமையாகிறது. கண்டாங் கெர்பாவில் அக்கேள்வி பிள்ளை பிறந்த பின் வந்தது. அடுத்ததைத் தடுப்பதற்காக வந்தது. இங்கோ கரு தோன்றுவதற்கு முன்பே வர வேண்டியதாயிற்று.

2006ஆம் ஆண்டில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், கருவுறுமுன் கவனிப்பைப் பற்றிய பரிந்துரைகளை வெளியிட்டு, ஆணும் பெண்ணும் தமக்கென மகப்பேற்று வாழ்க்கைத் திட்டம் ஒன்றை வகுத்துக்கொள்ள ஊக்குவித்தது. சில ஆண்டுகளுக்குப் பின் ஆரிகன் மாநிலத்து மகப்பேற்று நல அறக்கட்டளையொன்று, வழக்கமான மருத்துவச் சந்திப்புகளில் எல்லாம் ஒரே ஒரு கேள்வியைக் கேட்கும்படி மருத்துவர்களுக்குப் பயிற்சியளிக்கத் தொடங்கியது. அடுத்த ஓராண்டுக்குள் கருவுற விரும்புகிறீர்களா என்பதே அது. முறை எளிமையானது, ஆனால் அந்நாட்டில் அக்கேள்விக்கு ஒரு கறைபடிந்த முன்வரலாறு உண்டு. 1973இல் அலபாமா மாநிலத்தில், அரசாங்க நிதியுதவி பெற்ற மருத்துவ நிலையமொன்றின் வழியாக, 14, 12 வயதுடைய கறுப்பினச் சகோதரியர் இருவர், எழுத்தறியாத தாயின் கீறல் குறியைச் சம்மதமாகக் கொண்டு கருத்தடை செய்யப்பட்டனர். 1990இல் கையில் பொருத்தும் நார்பிளான்ட் என்னும் கருத்தடைக் கருவி ஒப்புதல் பெற்ற சில நாள்களில், ஏழைக் கறுப்பினப் பெண்களின் வறுமைக்கு இதுவே மருந்தாகலாம் என்ற பொருள்படத் தலையங்கம் எழுதிய பிலடெல்பிய நாளிதழ் ஒன்று, பின்னர் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. இவற்றை மறவாத பெண்கள், கருத்தரிக்கும் எண்ணம் உண்டா என்று வெள்ளையங்கி அணிந்தவர் கேட்கும்போது, அவர் எதற்காகக் கேட்கிறார் என்று முதலில் சிந்திப்பது இயல்பே. சிங்கப்பூரின் மூதாட்டியர்க்கும் அந்தச் சிந்தனை புதியதன்று.

ஆரிகனில் வகுக்கப்பட்ட முறையில் வியப்பிற்குரியது கேள்வியன்று. விடைகளுக்கு ஒதுக்கிய இடம். ஆம், இல்லை என்பவற்றோடு வேறு இரண்டு விடைகளும் அங்கே ஏற்கப்பட்டன. எப்படியாயினும் சரி என்பது ஒன்று. எனக்கே தெரியவில்லை என்பது மற்றொன்று. ஆம் என்பவளுக்குக் கருவுறுமுன் கவனிப்பு, இல்லை என்பவளுக்குத் தடுப்பு முறை பற்றிய விளக்கம், மற்ற இருவருக்கும் இரண்டையும் பற்றிய உரையாடல். குழந்தைப் பேற்றைத் திட்டமிட்டது, திட்டமிடாதது என்று இரண்டாகப் பிளப்பது பல பெண்களின் வாழ்க்கைக்குப் பொருந்துவதில்லை என்று 2016இல் அமெரிக்க ஆய்வாளர் சிலரும் எழுதினர்.

இது தமிழருக்குத் தெரியாத செய்தியா? 1950களில் மைசூர் முதலிய இடங்களில் மக்கள்தொகை ஆய்வாளர்கள் சிற்றூர்ப் பெண்களை அணுகி, எத்தனை குழந்தைகள் வேண்டும் என்று கேட்கத் தொடங்கிய காலத்திலிருந்தே, கீழை நாடுகளில் எண்ணால் விடை சொல்லாத பெண்கள் பலர் இருந்து வந்திருக்கின்றனர். அது ஆண்டவன் விட்ட வழி என்பர். கொடுத்தால் வளர்ப்போம் என்பர். அட்டவணை தயாரித்தவர்களுக்கு இவ்விடைகள் தொல்லையாக இருந்தன. எண்ணல்லாத விடை என்று தனியே ஒதுக்கி, அறியாமையின் அடையாளமாகவே அவற்றைப் பெரும்பாலும் கருதினர். அப்பெண்கள் அறியாமையால் அவ்வாறு சொன்னார்களா, அல்லது கேட்டவரின் உள்நோக்கத்தை அறிந்து நழுவினார்களா, உண்மையிலேயே இரண்டுக்கும் மனம் ஒப்பியிருந்தார்களா என்று பிரித்தறிய அந்தப் படிவங்களில் வழியில்லை.

அவர்களுடைய பேத்தியர் இன்று இரத்த அழுத்தத்திற்கோ நீரிழிவுக்கோ மருந்து வாங்க மருத்துவ நிலையம் செல்கின்றனர். சிங்கப்பூரின் கருவள விகிதம் 2023இல் ஒரு பெண்ணுக்கு 0.97 ஆக இறங்கிவிட்டது. "ஆம்" என்ற விடையை நாடு இன்னும் ஆவலோடு எதிர்பார்த்திருக்கிறது. பேத்தி, "வந்தால் சரி, வராவிட்டாலும் சரி" என்று சொல்கிறாள். பாட்டி சொன்ன அதே விடை. முறையாகப் பயிற்சி பெற்ற மருத்துவராயின் அதைத் திருத்த முற்படுவதில்லை. அவள் தற்போது உட்கொள்ளும் மாத்திரைகளின் பெயர்களைக் கேட்டு, ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்கிறார்.